ஒட்டுத் தெரியாத சுவர்

என் லேப்டாப்பில் வாலி என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. கவிஞர் வாலி இல்லை, கிஷ்கிந்தை வாலியும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் டை மேத்யூஸ், நீல் வைட் என்ற இருவர் எழுதி இலவசமாக விட்ட சின்னக் கருவி. கம்ப்யூட்டர் கேம்களில் வரும் சுவர்களுக்குத் தோல் செய்வதுதான் அதன் வேலை. க்வேக், க்வேக் 2, ஹாஃப் லைஃப் எல்லாம் உச்சத்தில் இருந்த காலம் அது. க்வேக் 2 தன் சுவர்ப்படங்களை டாட் வால் என்ற பின்னொட்டோடுதான் வைத்திருந்தது, அதனால் இந்தப் பெயரைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். நான் கல்லூரிக்குப் போன நாளில் அதற்கு வயதாகிவிட்டிருந்தது. இன்னும் ஓடுகிறது. திறந்தால் சாம்பல் நிற ஜன்னல், பழைய விண்டோஸ் பட்டன்கள், 256 நிறம் கொண்ட ஒரு கட்டம்.

இதைப் பற்றி ஒரு விமர்சனக் கட்டுரையா என்று நண்பர்கள் கேட்டார்கள். நாவலுக்கும் சினிமாவுக்கும் எழுதலாம், டெக்ஸ்சர் செய்யும் கருவிக்கு என்ன எழுதுவது? நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு கருவிக்கு உலகத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கிறது என்பதை அலுவலகத்தில் தினம் பார்க்கிறேன். எந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாதோ, அங்கேதான் அதன் கருத்து உட்கார்ந்திருக்கும். வாலிக்கும் சுவரைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை நான் நம்பிய ஒரு காலம் இருந்தது. அதில் ஒரு தப்பும் செய்தேன்.

2008. பொறியியல் இரண்டாம் வருஷம். ஹாஸ்டலில் எட்டு கம்ப்யூட்டர்களைக் கேபிள் போட்டு இணைத்துக் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடுவோம். ராத்திரி பதினொன்றுக்குத் தொடங்கினால் மெஸ்ஸில் காலை இட்லி வாசனை வரும்வரை. தமிழ்நாட்டில் அந்த வருஷங்களில் இன்ஜினியரிங் படித்த எவரிடம் கேட்டாலும் டஸ்ட் 2 என்ற மேப்பின் சந்துபொந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சொந்த ஊர்த் தெருவைவிட நன்றாகத் தெரியும்.

என் அறைத்தோழனும் எங்கள் ஊர்க்காரன். அபிராமம், கமுதிப் பக்கம். நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், இரண்டு தெரு தள்ளி வீடு. அவன் வீடு பள்ளிவாசல் தெரு. டஸ்ட் 2வை முதல்முறை பார்த்த ராத்திரி, மணல் நிறச் சுவர், வளைவு வாசல், வெயில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவன் சொன்னான், "மாப்ள, நம்ம ஊரு மாதிரியே இருக்குடா."

உண்மைதான். கருவேலங்காடும் கண்மாயும் இல்லை. மற்றபடி மதியம் இரண்டு மணிக்கு ஆளில்லாத எங்கள் தெரு அப்படித்தான் இருக்கும். அந்த நினைப்பிலிருந்துதான் எனக்கு அபிராமத்தை ஒரு மேப்பாகக் கட்டும் ஆசை வந்தது. ஹேம்மர் என்ற எடிட்டரில் தெருவைக் கட்டினேன். வாலியில் சுவர்களைச் செய்தேன். மூன்று வாரம். கம்பைல் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது பாதி ஓடியிருக்கும்.

கவுண்டர் ஸ்ட்ரைக் மேப்பில் இரண்டு கட்சியும் எங்கே பிறக்கும் என்று புள்ளி வைக்க வேண்டும். போலீஸ் கட்சிக்கு ஒரு வகைப் புள்ளி, தீவிரவாதக் கட்சிக்கு இன்னொரு வகை. வைக்காவிட்டால் ஆட்டம் நடக்காது. நான் வைத்தேன். மேப்பை முதல்முறை ஓட்டிய ராத்திரி அறைத்தோழன் தீவிரவாதக் கட்சியில் பிறந்தான். கையில் குண்டோடு நின்ற இடம், அவன் வீட்டு வாசலுக்கு எதிரே, பள்ளிவாசல் மதிலோரம்.

அவன் கொஞ்ச நேரம் மௌஸை அசைக்கவில்லை. அப்புறம் சாதாரணமாகத்தான் கேட்டான். "ஏன்டா, உங்க தெருவுல எடம் இல்லையா?"

யோசித்து வைத்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். யோசிக்கவே இல்லை என்பதுதான் விஷயம். டஸ்ட்டைப் பார்த்துக் கட்டினேன். அந்த மாதிரிச் சுவர் எங்கே வந்ததோ அங்கே அந்த மாதிரி ஆட்களை வைத்தேன். கை தானாகப் போனது. அன்றைக்கே மேப்பை அழித்துவிட்டேன். அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் டஸ்ட் 2வே ஆடினோம்.

இனி கருவிக்கு வருகிறேன்.

கேமில் ஒரு சுவர் என்பது வெறும் தட்டை. அதன்மேல் ஒரு படத்தை ஒட்டுகிறோம். கணினி வரைகலையில் இதை முதலில் செய்து காட்டியவர் எட்வின் கேட்மல், யூட்டா பல்கலைக்கழகத்தில் 1974இல் எழுதிய முனைவர் ஆய்வில். பின்னாளில் பிக்ஸாரின் தலைவரானவர். அது வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர இருபது வருஷம் பிடித்தது. 1992இல் வந்த உல்ஃபென்ஸ்டைன் 3டியில் சுவர்ப்படம் 64க்கு 64 புள்ளி. தரைக்கும் கூரைக்கும் படமே கிடையாது, வெறும் நிறம். நினைவகம் அவ்வளவுதான். ஆகவே ஒரு சின்னப் படத்தை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, நீளச் சுவராக்கினார்கள். கோலத்தில் ஒரு கம்பியை எடுத்துத் தெரு நீளத்துக்கு இழுக்கிற மாதிரி.

அடுக்கும்போது ஒரு படத்தின் வலது விளிம்பும் அடுத்ததன் இடது விளிம்பும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் ஒட்டுத் தெரியும், சட்டையில் கட்டம் பொருந்தாமல் தைத்த பாக்கெட் மாதிரி. இந்த ஒட்டை மறைப்பதுதான் சுவர் செய்பவனின் முழு வித்தை. படத்தைப் பாதி தூரம் வலதுக்கும் பாதி தூரம் கீழுக்கும் நகர்த்து. ஓரத்தில் இருந்த வெட்டு இப்போது நடுவில் சிலுவையாகத் தெரியும். அந்தச் சிலுவையை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு பூசி மறை. அவ்வளவுதான், படத்துக்கு விளிம்பு இல்லாமல் போய்விடும். ஆங்கிலத்தில் சீம்லெஸ் என்பார்கள். வாலியில் இதைச் சரிபார்க்க ஒரு பார்வை இருக்கிறது. அழுத்தினால் உங்கள் படம் திரை முழுக்க அடுக்கப்பட்டு வரும். நீங்கள் செய்த தப்பு ஒன்றுக்குப் பதினாறாக உங்களை முறைக்கும். நல்ல வாத்தியார்.

மற்ற விதிகளையும் சொல்லிவிடுகிறேன். நீளமும் அகலமும் 16இன் மடங்காக இருக்க வேண்டும். ஹாஃப் லைஃபில் ஒரு படத்துக்கு 256 நிறம்தான், ஆனால் ஒவ்வொரு படமும் தன் 256ஐத் தானே தேர்ந்துகொள்ளலாம். க்வேக்கில் அதுவும் இல்லை, மொத்த விளையாட்டுக்கும் ஒரே 256. அதில் பெரும்பகுதி பழுப்பும் துருவும். க்வேக் ஏன் எப்போதும் சாணித் தண்ணீருக்குள் நடப்பது மாதிரி இருந்தது என்றால் கலை நோக்கு கொஞ்சம், இந்த நிறப்பெட்டி மிச்சம். பெயருக்கும் இலக்கணம் உண்டு. பெயர் ஆச்சரியக்குறியில் தொடங்கினால் தண்ணீர். கூட்டல்குறியில் தொடங்கினால் அசையும் படம். வளைந்த அடைப்புக்குறியில் தொடங்கினால் ஓட்டை உள்ள படம், கம்பி வேலி மாதிரி. கழித்தல்குறியில் தொடங்கினால், ஒரே சுவரின் சில மாற்றுருவங்களை இன்ஜின் கலைத்துப்போட்டு அடுக்கும். ஒரே படம் திரும்பத் திரும்ப வருவது கண்ணை உறுத்தும் என்று தெரிந்து யாரோ இந்தக் கழித்தல்குறியை வைத்திருக்கிறார்கள். வெகு சிலரே அதைத் தொட்டார்கள்.

எழுதப்படாத விதிகள்தான் முக்கியமானவை. படத்தில் நிழல் இருக்கக் கூடாது, வெளிச்சத்தை இன்ஜின் போட்டுக்கொள்ளும். கண்ணில் பட்டுத் தொலைக்கும் தனி அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பெரிய விரிசலோ கறையோ இருந்தால் அடுக்கும்போது அது வரிசையாக வந்து ராணுவ அணிவகுப்பாகிவிடும். ஆகவே அதை எடு. எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுக்கு, ஒரே அளவு சொரசொரப்பு. மேல் கீழ் தெரியக் கூடாது. வாலியின் அபிப்பிராயத்தை இப்போது சொல்லலாம். சுவர் என்பது எங்கேயும் தொடங்காது, எங்கேயும் முடியாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். அதில் யாரும் சாய்ந்ததில்லை.

புராணத்து வாலிக்கு எதிரில் நிற்பவனின் பாதிப் பலம் வந்துவிடும் என்பார்கள். இந்த வாலியும் கிட்டத்தட்ட அப்படித்தான். எதிரில் நிற்கும் சுவரில் பாதியை வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும்.

புகைப்படமே வேண்டாம் என்ற இன்னொரு மரபும் உண்டு. கென் பெர்லின் 1982இல் வந்த ட்ரான் படத்துக்காக வேலை செய்தவர். கணினிப் படங்கள் துடைத்து வைத்த மாதிரி இருப்பது பிடிக்காமல், கட்டுப்பாடான ஒரு குழப்பத்தைக் கணக்கால் உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1985இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார், 1997இல் அதற்காக ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது. பெர்லின் இரைச்சல் என்று பெயர். மேகம், பளிங்கு, மரம், காரை பெயர்ந்த சுவர் என்று எதையும் சில வரிச் சூத்திரத்தில் கொண்டுவரலாம். இன்றைக்குப் பெரிய ஸ்டூடியோக்கள் உபயோகிக்கும் சப்ஸ்டன்ஸ் டிசைனர், காசில்லாதவர்கள் உபயோகிக்கும் மெட்டீரியல் மேக்கர், எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இரைச்சலும் அதன் தம்பி தங்கைகளும்தான். 2004இல் ஜெர்மானியக் குழு ஒன்று கே.க்ரீகர் என்ற முழு விளையாட்டையும் 96 கிலோபைட்டில் அடக்கியது, சுவர்களைப் படமாக வைக்காமல் செய்முறையாக வைத்து. வியந்து நிற்க வேண்டிய வேலை.

ஆனால் இந்தக் கருவிகளில் எனக்கு ஒரு மனத்தாங்கல். அவற்றில் வயது என்பது ஒரு பட்டை. இடது பக்கம் இழுத்தால் புதுச் சுவர், வலது பக்கம் இழுத்தால் நூறு வருஷத்துச் சுவர். ஓரங்கள் தேயும், குழிகளில் அழுக்குச் சேரும், எல்லா ஓரமும் ஒரே நியாயத்தில் தேயும். நிஜத்தில் ஓரம் அப்படித் தேயாது. மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும் முனை தேயும், எதிர் முனை புதுசாக இருக்கும். சைக்கிள் சாத்தும் இடத்தில் ஹேண்டில்பார் உயரத்தில் ஒரு பள்ளம் விழும். வாலியில் இந்தப் பட்டை இல்லை. வயதை நீங்களே எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். அந்த விதத்தில் அது யோக்கியமான கருவி.

போன வருஷம் அப்பத்தா வீட்டை இடித்தார்கள். பங்கு பிரிந்து, சித்தப்பா பக்கம் போன இடம், அவர் மாடி கட்டப்போகிறார். எனக்கு அதில் வருத்தம் சொல்ல உரிமை இல்லை, நான் அந்த வீட்டில் கடைசியாகத் தூங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. இடிக்கும் முன் ஒரு நாள் ஊருக்குப் போய், முன்பக்கத் திண்ணைச் சுவரைப் போனில் படமெடுத்தேன். 24 அடி நீளம், பத்தடி உயரம்.

அதை ஒரு டெக்ஸ்சர்காரன் கண்ணால் பார்த்தேன், தொழில்புத்தி. செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளை. எங்கள் பக்கம் நிலத்தடித் தண்ணீர் உவர். சுவர் அந்தத் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சும், தண்ணீர் காயும், உப்பு காரைக்குள் படிகமாகித் தள்ளும். ஆகவே முழங்கால் உயரம்வரை பூச்சு பொரிந்து உதிர்ந்து, செங்கல் தெரியும். அதற்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு உப்புப் பூத்த வெள்ளை. அதற்கு மேலேதான் சுவர் ஆரோக்கியமாக இருக்கும். கூரையடியில் ஓட்டுத் தண்ணீர் வடிந்த கோடுகள். இடது ஓரத்தில் வெள்ளைக்கு அடியிலிருந்து ஏதோ ஒரு தேர்தலின் சின்னம், பாதி இலையோ பாதிச் சூரியனோ, நீலமாக எட்டிப்பார்த்தது. சுவரில் எழுதி ஊரை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. சட்டத்துக்குக் கீழே கட்சி, கட்சிக்கு மேலே சுண்ணாம்பு.

திண்ணையிலிருந்து இரண்டேகால் அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, தேன் நிறத்தில் ஒரு கறை. அப்பத்தா சாய்ந்த இடம். நாற்பது வருஷத்துத் தேங்காய் எண்ணெய். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதன்மேல் வெள்ளை அடித்தார்கள், ஒவ்வொரு சித்திரைக்குள்ளும் அது திரும்ப வந்தது. சுண்ணாம்பு எண்ணெய்மேல் நிற்காது. வெள்ளையடிக்கும் அண்ணன் வருஷாவருஷம் அந்த இடத்துக்கு வந்ததும், "ஆத்தா, ஒங்க தலைக்கு மட்டும் தனியா ஒரு வாளி வேணும்" என்பார்.

சென்னைக்குத் திரும்பியதும் படத்தை வாலியில் போட்டேன். சுவரின் நடுவிலிருந்து ஐந்தடிச் சொச்சம் சதுரமாக வெட்டி, 256க்கு 256 புள்ளியாகச் சுருக்கி, ஒட்டை மறைத்து, சுவரில் ஏற்றினேன். ஹாஃப் லைஃபில் ஆள் உயரம் 72 அலகு, ஓர் அங்குலத்துக்கு ஓர் அலகு என்று கணக்கு வைத்தால் 24 அடிச் சுவருக்கு இந்தப் படம் குறுக்கே நாலரை தடவை, நெடுக்கே ஏறக்குறைய இரண்டு தடவை. மேப்பை ஓட்டிப் பார்த்தேன். திண்ணையில் வரிசையாக ஐந்து அப்பத்தாக்கள் உட்கார்ந்திருந்த மாதிரி ஐந்து கறை. அவர்கள் தலைக்கு மேலே அந்தரத்தில் இன்னும் ஐந்து அப்பத்தாக்கள். உப்புப் பூத்த பட்டையும் இரண்டு முறை, ஒன்று முழங்காலில், இன்னொன்று தலைக்கு மேல். ஆகாயத்திலிருந்து உவர்த்தண்ணீர் ஊறிய சுவர். சிரித்துவிட்டேன்.

விதிப்படி கறையை எடுத்தேன், உப்பை எடுத்தேன், சின்னத்தை எடுத்தேன், ஓட்டுத் தண்ணீர்க் கோட்டை எடுத்தேன். இப்போது சுவர் பிரமாதமாக அடுக்கியது. ஒட்டே தெரியவில்லை. அது எங்கே இருக்கும் சுவர்? ராமநாதபுரத்தில் இருக்கலாம், மொராக்கோவில் இருக்கலாம், ஈராக்கில் இருக்கலாம். நான் டஸ்ட்டின் சுவரைச் செய்து முடித்திருந்தேன்.

டஸ்ட்டைக் கட்டியவர் டேவ் ஜான்ஸ்டன், இங்கிலாந்துக்காரர், அப்போது பள்ளி வயசு. 1999இல் முதல் டஸ்ட், 2001இல் டஸ்ட் 2. சுவர்ப்படங்களைச் செய்து கொடுத்தவர் கிறிஸ் ஆஷ்டன். டீம் ஃபோர்ட்ரெஸ் 2 என்ற, அப்போது வெளிவராத ஒரு விளையாட்டின் விளம்பரப் படங்களைப் பார்த்துத்தான் அந்த ஊரைக் கட்டினேன் என்று ஜான்ஸ்டனே எழுதியிருக்கிறார். உலகத்தில் அதிகம் பேர் நடந்து திரிந்த அரபு ஊர்களில் ஒன்று, எந்த அரபு ஊரையும் பார்த்துக் கட்டியது இல்லை. இதில் ஜான்ஸ்டனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதின்வயதுப் பையன், கையில் இருந்ததை வைத்து, ஆட்டமாக மிக நல்ல ஒரு ஊரைக் கட்டினான். வெளிச்சமும் இருட்டும் கண்ணை வழிநடத்தும் விதத்துக்காக அதை இன்றைக்கும் வகுப்பில் காட்டலாம். ஆனால் படத்தைப் பார்த்து எடுத்த படம், அதைப் பார்த்து எடுத்த படம் என்று போய், கடைசியில் அபிராமத்தில் பிறந்த ஒருவன் அதைப் பார்த்துத் தன் ஊரில் எங்கே குண்டு வைக்கலாம் என்று கற்றுக்கொண்டான். இந்தச் சங்கிலியிலும் ஒட்டுத் தெரியாது.

ப்ராக் நகரத்து ஆய்வாளர் வீட் ஷிஸ்லர் 2008இல், அதாவது நான் மேப் கட்டிய அதே வருஷம், வீடியோ கேம்களில் அரபு மக்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் பெரும்பாலும் ஆட்களைப் பார்த்தார்: தலைப்பாகை, கதை, எதிரி. எனக்குச் சுவர் இன்னும் வலுவான சாட்சியாகப் படுகிறது. ஆளை எழுதுகிறவனுக்குத் தான் ஏதோ சொல்கிறோம் என்று தெரியும். சுவர் செய்பவன் பின்னணி போடுவதாகத்தான் நினைப்பான். 2012இல் கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2இல் ஃபவேலா என்ற மேப்பைத் திடீரென்று விலக்கினார்கள். கதைப்படி அது பிரேசில். அங்கே ஒரு குளியலறையில் மாட்டியிருந்த படச்சட்டத்தில் நபிமொழி இருந்தது, இறைவன் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்ற பொருளில். யாரோ அழகான வளைவுகள் என்று எடுத்துப் போட்டிருக்க வேண்டும். அது வாக்கியம் என்று அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை போல. 2015இல் ஹோம்லேண்ட் தொடருக்கு பெர்லினில் சிரிய அகதி முகாம் செட் போட்டார்கள். நிஜம் மாதிரி இருக்க அரபியில் சுவரெழுத்து வேண்டும் என்று ஹெபா அமீன் உள்ளிட்ட மூன்று கலைஞர்களை அழைத்தார்கள். அவர்கள் இந்தத் தொடர் இனவெறித் தொடர் என்று அரபியில் அழகாக எழுதிவைத்தார்கள். படமெடுத்து, எடிட் செய்து, ஒளிபரப்பும் ஆகிவிட்டது. அந்தச் சுவரை ஒருவரும் வாசிக்கவில்லை.

எல்லாம் நினைவகம் போதாத குறையால் வந்தது, இப்போது அந்தப் பிரச்சினை இல்லையே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஐடி சாஃப்ட்வேர் 2011இல் ரேஜ் என்ற விளையாட்டில் அடுக்குவதையே ஒழித்துப் பார்த்தது. ஒரே ஒரு பிரம்மாண்டப் படத்தை நிலம் முழுக்கப் போர்த்தி, எந்தப் பாறையும் எந்தச் சுவரும் இரண்டாம் முறை வராதபடி செய்தார்கள். எக்ஸ்பாக்ஸில் அதற்கு மூன்று டி.வி.டி. நான் ஆசையாக ஆடினேன். கிட்டப் போனால் எல்லாம் மங்கல், அது இருக்கட்டும். எதுவும் திரும்ப வரவில்லை, எதுவும் நினைவிலும் நிற்கவில்லை. பத்தாயிரம் கறைகளும் யாரோ அன்றைக்குத் தூரிகையால் தெளித்தவை. ஒரு கறைக்கும் ஆள் இல்லை.

நானும் கணக்குப் போட்டேன். அப்பத்தா சுவரை அடுக்காமல் முழுசாக ஏற்ற என்ன செலவாகும்? அங்குலத்துக்கு நாலு புள்ளி வைத்தால் 1152க்கு 480. மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 384க்கு 480, இரண்டும் 16இன் மடங்கு, வாலிக்கு ஆட்சேபம் இல்லை. தூரத்துக்கான சின்னப் பிரதிகளையும் சேர்த்து மொத்தம் ஏறக்குறைய முக்கால் எம்.பி. 2008இலேயே அது ஒரு பாட்டில் ஆறில் ஒரு பங்கு. அப்போதே செய்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, சுவர் என்றால் அடுக்குவது என்று கற்றிருந்தேன்.

முழுச் சுவரையும் ஏற்றிப் பார்த்தேன். அசல் மாதிரி இருந்தது, பிடிக்கவில்லை. சுவரொட்டி ஒட்டிய மாதிரி இருந்தது. நிழல் படத்திலேயே உறைந்திருந்தது, விளையாட்டின் வெயில் வேறு பக்கம் அடித்தது. பக்கத்துச் சுவர்கள் அடுக்குச் சுவர்கள், இது மட்டும் போட்டோ. வீட்டில் இறந்தவர் படத்துக்கு மட்டும் மாலை போட்டிருப்பதுபோலத் தனித்து நின்றது.

கடைசியில் வழி சொன்னது அதே அறைத்தோழன்தான். அவன் இப்போது கோயம்புத்தூரில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறான். போனில் விஷயத்தைச் சொன்னேன். "கறைய டெக்ஸ்சர்ல வெக்காத. டீக்காலா ஒட்டு" என்றான். பதினாறு வருஷத்துக்குப் பிறகும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஹாஃப் லைஃபில் ஒரு சுவரில் ஒருமுறை மட்டும் வரவேண்டியவற்றைத் தனியாக ஒட்டுவதற்கு டீக்கால் என்று ஒரு ஏற்பாடு. அவற்றின் தொகுப்புக் கோப்பை வாலியில் திறந்து பல வருஷமாகிவிட்டது. திறந்தேன். இரத்தம் 1, இரத்தம் 2, என்று எட்டுவரை. தோட்டாத் துளை 1லிருந்து 5. குண்டு கரிந்த தடம். அந்த இன்ஜினுக்குச் சுவர் ஒரு முடிவில்லாத துணி. அதில் யாரோ இருந்தார்கள் என்பதற்கு அது ஒத்துக்கொள்ளும் அடையாளங்களில் பெரும்பகுதி அவர்கள் சுடப்பட்டதற்கான அடையாளங்கள். டஸ்ட்டின் சுவர்களில் பத்து வருஷம் நான் விட்டுவந்த தடமும் அவ்வளவுதானே.

டீக்காலுக்கு ஒரு விசித்திர இலக்கணம். நிறம் ஒன்றே ஒன்று, பட்டியலின் கடைசிக் கட்டத்தில் வைக்க வேண்டும். மீதி 255 கட்டமும் அந்த நிறம் எங்கே எவ்வளவு அடர்த்தி என்பதற்கு. எண்ணெய்க் கறைக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் யோசித்திருக்க முடியாது. தேன் நிறத்தைக் கடைசிக் கட்டத்தில் வைத்தேன். நடுவில் அடர்த்தி, ஓரத்தில் கரைந்து, கீழ்ப்பக்கம் கொஞ்சம் இழுத்து, ஏனென்றால் மதியத்தில் அப்பத்தா தூங்கிச் சரியும். இரத்தத்துக்கும் தோட்டாவுக்கும் பக்கத்தில், அடைப்புக்குறியில் தொடங்கி, அப்பத்தா 1 என்று பெயர் வைத்துச் சேமித்தேன். சுத்தமாகத் துடைத்த அடுக்குச் சுவரில், திண்ணைக்கு மேல் இரண்டேகால் அடியில், ஒரே ஒரு இடத்தில் ஒட்டினேன். உப்புக்குத் தனிப் படம் செய்து, சுவரின் கால் பக்கம் மட்டும் ஒரு பட்டையாக ஓடவிட்டேன்.

இந்த முறை கவுண்டர் ஸ்ட்ரைக்குக்குக் கட்டவில்லை. வெறும் ஹாஃப் லைஃப். அதில் ஒரே ஒரு பிறப்புப் புள்ளி போதும், கட்சி இல்லை. திண்ணை, தெரு, வேப்ப மரம், முனை திரும்பும் இடம்வரை. கோப்பை அவனுக்கு அனுப்பினேன். இரவு பதினொன்றரைக்குக் கூப்பிட்டான்.

"பாத்தேன்டா. அப்பத்தா எடம் கரெக்டா இருக்கு. அந்தப் பக்கம் திரும்புனா ஏன் ஒண்ணும் இல்ல?"

எந்தப் பக்கம் என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

"எங்க தெரு. பள்ளிவாசல் எங்கடா? மொதல்ல என்னடான்னா அதுல கொண்டுபோய் ஆள நிறுத்துன. இப்ப ஊரையே பாதில வெட்டி வெச்சிருக்க."

அன்றைக்குச் செய்த தப்பைத் திரும்பச் செய்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கமே போகவில்லை, ஒரு கறுப்புச் சுவரை வைத்து அடைத்துவிட்டேன் என்று சொல்லவந்தேன். பாதி சொன்னேன்.

"அதெல்லாம் வேணாம். கட்டு. இந்தப் பெருநாளைக்கு ஊருக்கு வர்றேன், நீயும் வா, போட்டோ எடுத்துக்க" என்றான். அப்புறம் சிரித்தான். "உனக்கு வேல கம்மிதான் மாப்ள. மதிலுக்குப் பூரா டைல்ஸ் ஒட்டியாச்சு. ஒரு டைல்ஸ எடுத்தாப் போதும், எல்லாம் ஒண்ணுதான்."